கரடி வீட்டின் கடைசிப் பக்கம்

அப்பா கரடி எங்கே போகிறது என்ற கேள்விக்கு அழகர் அன்று சொன்ன பதில், ரேஷன் கடை.

"எதுக்கு மாமா?"

"மண்ணெண்ணெய் வாங்க."

மடியில் உட்கார்ந்திருந்த பாக்கியலக்ஷ்மி படத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு நாலு வயது. படத்தில் பெரிய கரடி தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் அம்மா கரடி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி நின்றது. குட்டிக் கரடி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டின் எங்கே?"

டின் இல்லாமல் யாரும் மண்ணெண்ணெய் வாங்கப் போவதில்லை என்பது கொச்சி மட்டாஞ்சேரியில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அழகர் அதை யோசிக்கவில்லை. பைக்குள் இருக்கிறது என்று சமாளித்தார்.

"அப்போ அம்மா கரடி ஏன் அழுது?"

"வெங்காயம் நறுக்கினா."

பாக்கியம் புத்தகத்தைத் தானே மூடினாள். உதடு பிதுங்கியது. "அது வராது," என்று சொல்லிவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அழகர் அவளைச் சமாதானம் செய்யப் போகவில்லை. பிள்ளை பொய்யை நம்பவில்லை என்பதற்காக அல்ல. அது வராது என்று அவருக்கும் தோன்றிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

புத்தகம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம், பாக்கியத்தின் அப்பா செல்லதுரை ஷார்ஜாவிலிருந்து ராசப்பன் என்பவரிடம் ஒரு பார்சல் கொடுத்து அனுப்பியிருந்தான். செல்லதுரை கொத்தனார். பிள்ளை தவழ ஆரம்பித்த மாதத்தில் விமானம் ஏறியவன். அப்பா என்றால் பாக்கியத்துக்குச் சுவரில் தொங்கும் ஒரு போட்டோ. மீசை வைத்த அந்தப் போட்டோவை அவள் பூச்சாண்டி வரிசையில்தான் சேர்த்திருந்தாள்.

பார்சல் கொண்டுவந்த ராசப்பனுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஓடவே நேரம் இருந்தது. அவர் ஊருக்கு வரும் தேதி முன்கூட்டியே வெளியே தெரிந்துபோய், பதினேழு பேர் தைலம், டார்ச் லைட், நகவெட்டி, டேப் ரிக்கார்டர் என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். கேட்டது கிடைக்காத ஒன்பது பேர் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். கிடைத்த எட்டுப் பேர் நிறம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பார்சலில் ஒரு நைலக்ஸ் சேலை, ஒரு தைலக் குப்பி, ஒரு படப் புத்தகம், ஒரு கடிதம். அழகரின் தங்கை சந்தனமாரிக்குப் படிக்கத் தெரியாது. சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை செய்துவிட்டு, கண்ணெல்லாம் எரிய வீட்டுக்கு வருவாள். புருஷன் கடிதத்தை அண்ணன்தான் வாசித்துக் காட்டவேண்டும். அழகருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டுப் பின்னறைதான் அவர் வீடு. பாக்கியம்தான் அவருக்கும் பிள்ளை. அதனால் எந்தக் கடிதத்தையும் முதலில் மனதுக்குள் ஒரு தடவை படித்துப் பார்த்து, கெட்ட செய்தி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சத்தமாக வாசிப்பார்.

அந்தக் கடிதத்தில் இப்படி இருந்தது. 'பாப்பாவுக்கு ஒரு கரடிப் புஸ்தகம் அனுப்பியிருக்கிறேன். அரபி எழுத்து எனக்கும் தெரியாது. கடைக்காரர் கதையைச் சொன்னார். அது நம் கதைதான். தினமும் பாப்பாவுக்குக் காட்டு. கடைசிப் பக்கத்தைப் பார். அதுதான் என் முடிவு. வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.'

அழகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பையை மாட்டிக்கொண்டு போகும் கரடி. கண்ணைத் துடைக்கும் கரடி.

"என்ன எழுதியிருக்கு அண்ணா?" என்றாள் சந்தனமாரி, சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே.

"பாப்பாவுக்குப் புஸ்தகமாம். தினமும் காட்டணுமாம்," என்றார் அழகர். மீதி நாலு வரியை விழுங்கிவிட்டார். அந்தச் சேலைக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவே அதை வாசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விழுங்கியது வயிற்றில் கல்லாகக் கிடந்தது. அதை மறக்க அவர் புத்தகத்தின் வேலைத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அழகர் பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகத்தில் பைண்டர். பில் புத்தகம், மிளகுக் கம்பெனியின் லேபிள் கட்டு, கல்யாணக் கடிதம் எல்லாம் இருபது வருஷமாக அவர் கையால் வெட்டி ஒட்டப்பட்டவை. படத்தையும் பெரிய எழுத்தையும் பின்பக்கம் ஒட்டி, விலை போட்ட வெறும் அட்டையை முன்பக்கம் ஒட்டியிருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பதறியது. எண்ணெய் எடுக்கிற நாட்டில் எல்லாம் கிடைக்கும், நல்ல பைண்டர் கிடைக்கமாட்டான் போல என்று சந்தனமாரியிடம் சொன்னார்.

மறுநாளே அச்சகத்துக்கு எடுத்துப் போய், இரண்டு அட்டையையும் நறுவிசாகக் கிழித்தெடுத்து, இடம் மாற்றி ஒட்டி, முதுகுக்குச் சிவப்புக் காலிகோ துணி போட்டு, பாரக்கல் வைத்து, சாயங்காலம் கொண்டுவந்தார். வாங்கியபோது இருந்ததைவிட அழகாக இருந்தது. இனி கதைதான் பாக்கி.

கதைதான் படுத்தியது.

மொத்தம் எட்டுப் படம். முதல் படத்தில் மூன்று கரடியும் ஒரே கட்டிலில் தூங்கின. இரண்டாவதில் மூன்றும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கஞ்சி குடித்தன. இதுவரை அழகருக்குக் கஷ்டமில்லை. மூன்றாவதில் வாசலில் அப்பா கரடி குட்டியைக் கட்டிக்கொண்டது. பக்கத்தில் பையும் ஒரு தேன் குடமும் இருந்தன. சரி, சந்தைக்குப் போகிறார், கொஞ்சிவிட்டுப் போகிறார். நாலாவதில் அதே பையைத் தோளில் மாட்டி, அதே குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கரடி போட்டில் உட்கார்ந்திருந்தது.

"வீட்டுத் தேனை எதுக்கு எடுத்துட்டுப் போறார்?" என்று பாக்கியம் கேட்டாள்.

விற்கத்தான் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினால், ஐந்தாவது படத்தில் குட்டிக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி. ஆறாவதுதான் அழகரை மூச்சுமுட்ட வைத்தது. எங்கேயோ தூரத்து ஊரில் அப்பா கரடி கல்லை அடுக்கிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தது. அச்சு அசல் செல்லதுரை. பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிய இன்னொரு கரடி அதற்குச் சிரித்த முகத்தோடு சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஏழில் அம்மாவும் குட்டியும் மட்டும் மேஜையில். மூன்றாவது ஸ்டூல் காலி. எட்டாவதில் அப்பா கரடி மறுபடியும் இங்கே, பையோடு வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ஊர்ல இருந்தாரே, எப்ப வந்தார்?"

"பையை மறந்துட்டார். எடுக்க வந்தார்."

"பை போட்லயே இருந்துச்சே."

இந்தப் பிள்ளை வக்கீலாக வரும் என்று அழகர் அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

ரேஷன் கடைக் கதை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அப்பா கரடி ரேஷன் கடையிலிருந்து வந்தாச்சா என்று பாக்கியம் காலையிலும் மாலையிலும் கேட்டாள். இன்னும் வரிசையில் நிற்கிறது என்றார் மாமா. அவள் வீட்டில் கிடந்த ஒரே ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு, யாரையும் அதில் உட்கார விடவில்லை. சாப்பிடும்போது அதன் முன்னால் ஒரு தட்டு வைத்தாள். பிறகு தன் சோற்றில் பாதியை அந்தத் தட்டுக்குத் தள்ளினாள். நாலு வயதுப் பிள்ளை இளைப்பதைப் பார்க்க அழகரால் முடியவில்லை.

கடைசிப் படம் இருந்தால்தானே இந்த வம்பு என்று அவர் முடிவு செய்தார். மைதா பசை காய்ச்சி, எட்டாவது பக்கத்தைப் பின்னட்டையோடு சேர்த்து ஒட்டிவிட்டார். தொழில்காரன் ஒட்டியது; விளிம்புகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கதை ஏழாவது படத்தோடு முடிந்தது. அம்மா, குட்டி, காலி ஸ்டூல். பாக்கியம் விரலால் பின்னட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா கரடி செத்துப் போச்சா?"

அடுப்படியிலிருந்து அகப்பையோடு சந்தனமாரி வந்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த வீட்டில் யார் எந்த அப்பா செத்ததைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்டாள். அவள் அதுவரை அந்தப் புத்தகத்தைச் சரியாகத் திறந்து பார்த்ததில்லை. வேலைக்குப் போய் வந்து சமைக்கவே நேரம் சரியாக இருந்தது. பாக்கியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: நேற்றுவரை ஒரு கரடி போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கு அதைக் காணவில்லை, மாமா முழிக்கிறார்.

சந்தனமாரி புத்தகத்தை வாங்கிக் கொதிக்கும் சோற்றுப் பானைக்கு மேலே பிடித்தாள். ஆவியில் மைதா பசை இளகியது. பக்கம் தானாக வாய் திறந்தது. அழகர் மட்டும் திறக்கவில்லை.

"எதுக்கு ஒட்டினே அண்ணா?"

"பிள்ளை அழுதா, அதான்."

"கடிதாசியை எடு. முழுசா வாசி."

இருபது வருஷம் பைண்டிங் செய்தவருக்கு ஒன்றை ஒட்டத் தெரியும், மறைக்கத் தெரியாது. கடிதத்தை எடுத்து முழுசாக வாசித்தார். 'அது நம் கதைதான்' என்ற இடத்தில் சந்தனமாரி அடுப்பை அணைத்தாள். 'அதுதான் என் முடிவு' என்ற இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். 'வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்' என்று வாசித்து முடித்தபோது அவள் ஆறாவது பக்கத்தைத் திறந்து பூத்துணிக் கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ யாரு?"

அழகருக்கும் அது தெரியாது. ஆனால் விழுங்கிய நாலு வரி அவர் தெரிந்தே மறைத்தார் என்று ஆக்கிவிட்டது. தான் சும்மா இருந்திருந்தால் அது வெறும் கரடிப் படமாகவே இருந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. படத்தை வைத்து எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும், எழுத்தைப் படிக்கச் சொன்னால் விஷயம் தெளிந்துவிடும். தெருமுனையில் சாயாக்கடை வைத்திருந்த ஷாகுல் ஹமீது அரபி ஓதத் தெரிந்தவர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க்காரர். அழகருக்குப் பழைய சிநேகிதம். தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஷாகுல் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அந்த எழுத்து இருக்கிற புத்தகத்தை ஈரக் கையால் தொடமாட்டேன், நீயே பிடி என்றார். அழகர் கடைசிப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். ஷாகுல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ராகம் போட்டு, இழுத்து இழுத்து அந்த மூன்று வரியை ஓதினார். கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். சந்தனமாரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்ன சொல்லுது பாய்?" என்று அழகர் கேட்டார்.

"எழுத்துக் கூட்டி ஓதத்தான் அறியும், அர்த்தம் நமக்கு வசமில்லே. ஆனா நல்ல சங்கடமான சங்கதிதான். ஓதும்போதே நெஞ்சு அடைச்சுது."

ஆறாவது பக்கத்தையும் ஓதச் சொன்னார்கள். அதையும் அதே ராகத்தில் ஓதினார். பூத்துணிக் கரடி பரிமாறியது கஞ்சியோ கல்யாண விருந்தோ, கேட்டவர்களுக்கு அழுகைதான் வந்தது. தன் மகள் நசீபா இருந்தால் இதைவிட நன்றாக ஓதுவாள், மதரஸாவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் அவள்தான் முதல், லீவுக்குப் பாலக்காடு போயிருக்கிறாள் என்று ஷாகுல் பெருமையாகச் சொன்னார். இதைவிட நன்றாக ஓதினால் சந்தனமாரி அங்கேயே விழுந்துவிடுவாள் என்று அழகருக்குத் தோன்றியது. சாயாவுக்குக் காசு வாங்க ஷாகுல் மறுத்துவிட்டார். துக்க வீட்டுக்காரர்களிடம் வாங்குவதில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசப்பனையே நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். அவர் களமசேரியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சீட்டுக் கொடுத்தவர்களில் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தவர், இவர்கள் என்று தெரிந்ததும் வெளியே வந்தார்.

செல்லதுரை எப்படி இருக்கிறான் என்று அழகர் பட்டும் படாமலும் விசாரித்தார். நன்றாக இருக்கிறான், தடித்துவிட்டான் என்றார் ராசப்பன். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, அதற்கு ஒரு குறையும் இல்லை, மெஸ் நடத்தும் ஒரு மலையாளி சேச்சி அவனுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாகப் போடுவாள் என்றார். அவன் அவளுக்குச் சுவர் கட்டிக் கொடுத்தானாம்.

சந்தனமாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவர் மனசுல என்ன முடிவு வச்சிருக்கார்? உங்களுக்குத் தெரியுமா?"

ராசப்பன் இங்கும் அங்கும் பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தார். "அது நான் பறையக் கூடாது சேச்சி. என் கையில சத்தியம் வாங்கியிருக்கான்."

எர்ணாகுளத்துக்கு வந்து திரும்பும் போட்டில் ஏறினார்கள். வல்லார்பாடம் தீவுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் சந்தனமாரி. அவள் அழுதிருந்தால் அழகருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அழகர் நாலு பக்கம் எழுதும் எண்ணத்தோடு உட்கார்ந்தார். நாலு வார்த்தை சமாதானம் சேர்க்கலாமே என்று கெஞ்சினார். அவள் மூன்று வரிக்கு மேல் தரவில்லை. 'உங்கள் முடிவைப் பார்த்தோம். எங்களுக்குப் புரிந்தது. பிள்ளை அழுகிறாள்.'

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அழகர் இந்தத் தடவை மனதுக்குள் படிக்கவில்லை. பட்டது போதும் என்று, பிரித்ததும் சத்தமாக வாசித்துவிட்டார்.

'உனக்குப் புரிந்ததில் ரொம்ப சந்தோஷம். பிள்ளை அழத்தான் செய்யும். சின்ன வயசுதானே, கொஞ்ச நாளில் பழகிவிடும். நீ மனசைத் திடமாக வைத்துக்கொள். இனி கடிதம் போடாதே. இப்போதும் யாருக்கும் தெரிய வேண்டாம்.'

அழகருக்குச் செல்லதுரையின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் விசாவுக்காக அலைந்தபோது இதே அழகர்தான் அவன் பாஸ்போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறைகூடத் தைத்துக் கொடுத்தார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் கைவிடுகிறவன், அதையும் ஒரு படப் புத்தகம் வாங்கிப் பிள்ளைக்கே பரிசாக அனுப்பிச் சொல்வானா என்று பொருமினார்.

சந்தனமாரி கத்தவில்லை. சுக்குக் கிடங்கில் கணக்கு முடித்துக்கொண்டு வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்தில் அவர்கள் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே போகிறேன், இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை மூன்று மணி போட்டில் எர்ணாகுளம் போய், கொல்லம் வழியாகச் செங்கோட்டை ரயிலைப் பிடிப்பதாகத் தீர்மானம் ஆனது. வீட்டைப் பூட்டிச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். பெயரைக் கேட்டு யார் வந்தாலும் விலாசம் சொல்லக் கூடாது என்று அண்ணன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அழகர் சத்தியம் செய்தார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் தனக்கும் என்ன இருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்து மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். டிரங்குப் பெட்டி, பாய், இரண்டு மூட்டை எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. சுவரிலிருந்த போட்டோவை மட்டும் சந்தனமாரி எடுக்கவில்லை. புத்தகத்தை எடுத்து வைக்கலாமா என்று அழகர் கேட்டதற்கு, அடுப்பில் வைக்கலாம் என்றாள். அதற்குள் யாரோ அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாக்கியத்தையும் காணவில்லை.

மணி இரண்டரை. அழகர் குடையை விரித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். பின்னாலேயே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தனமாரி வந்தாள்.

சாயாக்கடையை நெருங்கும்போது அழகர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை அவர் ஒன்றரை மாதமாகக் கேட்கவில்லை. அது பாக்கியத்தின் சிரிப்புத்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைக்குள் சர்க்கரை மூட்டைமேல் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பாக்கியம். இன்னொருத்தி பாலக்காட்டிலிருந்து காலையில்தான் வந்திறங்கிய நசீபா. தலையில் முக்காடு. மடியில் கரடிப் புத்தகம். அதில் மூன்று கரடியும் ஒரே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தன.

"மாமா, அப்பா கரடி வந்துடுச்சு," என்றாள் பாக்கியம். "போட்ல வந்துச்சு. தேன் கொண்டாந்துச்சு. குட்டிக்குக் காய்ச்சல் போயிடுச்சு. எல்லாரும் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குறாங்க. முடிஞ்சுது."

அழகர் குடையை மடக்கிவிட்டு உள்ளே போனார். இத்தனை நாள் மண்ணெண்ணெய், வெங்காயம், மைதா பசை என்று தான் அலைந்ததெல்லாம் வீண். எட்டு வயதுப் பிள்ளை ஒரே மத்தியானத்தில் இவளைச் சிரிக்க வைத்துவிட்டது. நசீபாவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லா மாத்திச் சொன்னே மோளே. அப்பாவைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தோணலையே."

நசீபா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெட்டியை இறக்காமல் வாசலில் நனைந்துகொண்டு நின்ற சந்தனமாரியையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி, அந்தச் சிவப்புக் காலிகோ முதுகை விரலால் தட்டிக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் மாத்தலை மாமா, அரபிப் புஸ்தகம் வலது பக்கத்துலேருந்துதான் தொடங்கும், அப்பா கரடி போறது முதல் பக்கம், எல்லாரும் ஒண்ணா தூங்குறதுதான் கடைசிப் பக்கம்; ஏதோ ஒரு புத்தியில்லாத பொட்டன்தான் அட்டையை மாத்தி ஒட்டி வச்சிருக்கான்."